முதலில் ட்ரெய்லர், அப்புறம் ஈசி சேர் சைக்கிள்

தண்டையார்பேட்டையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் ரெண்டு கேள்வி நிச்சயம். "இன்னாபா இது, படுத்துக்கினே ஓட்டுவியா?" என்பது ஒன்று. "எங்க வாங்கின?" என்பது இன்னொன்று. வாங்கவில்லை, பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டியது என்று சொன்னால் அடுத்த பத்து நிமிஷம் அங்கேயே போய்விடுகிறது. ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது. வெல்டிங் மெஷினைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

இதற்குப் பெயர் ரிகம்பென்ட். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். எங்கள் தெருவில் ஈசி சேர் சைக்கிள் என்றுதான் சொல்கிறார்கள், அதுவே நல்ல பெயராகப் படுகிறது. உட்காரும் இடம் வலிக்காது, மணிக்கட்டு மரத்துப்போகாது, எதிர்க்காற்று குறைவாக அடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்றை எதிர்த்து எண்ணூர் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கடைசி விஷயத்தின் அருமை தெரியும். புதுச் சரக்கும் இல்லை இது. 1933ல் சார்லஸ் மோஷே என்பவர் செய்த சாய்வு சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர், பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914லிருந்து அசையாமல் இருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனை அதில் அடிபட்டுப் போனது. ஃபோர் அப்படியொன்றும் முதல் வரிசை வீரர் இல்லை, அதுதான் பலருக்கு உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வகையை ரேஸிலிருந்து ஒதுக்கிவிட்டது. அன்றைக்கு ஒதுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் கடையிலேயே வாங்கியிருப்போம் என்பது என் எண்ணம்.

வடசென்னைக்கு இது பொருந்துமா என்றால், பொருந்தும். சாய்ந்து உட்கார்ந்தவன் மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்க முடியாது, இந்த வகையின் பெரிய குறையே அதுதான். நம் பக்கத்தில் மேடு என்றால் மேம்பாலம்தான், மற்றதெல்லாம் தட்டைத் தரை. கூடவே பழைய இரும்பு, லேத், வெல்டிங் பட்டறை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். காசிமேட்டு மீனை ஊர் முழுக்கக் கொண்டுபோன மீன்பாடி வண்டிகளைச் செய்த கைகள் இன்னும் இந்தப் பட்டறைகளில் இருக்கின்றன. மூணு சக்கரத்தில் அத்தனை கூடையை ஏற்றத் தெரிந்தவரிடம் உங்கள் படத்தைக் காட்டினால், எந்த இடத்தில் முறியும் என்று விரலை வைத்துச் சொல்வார்.

ஒரே ஒரு யோசனைதான் எல்லாருக்கும் சொல்வேன். ட்ரெய்லரை, அதாவது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சரக்கு வண்டியை, முதலில் செய்யுங்கள், சைக்கிளை அப்புறம். நான் தலைகீழாகச் செய்தேன். ட்ரெய்லரில் வெல்டிங் கொஞ்சம் கோணலானால் தண்ணி கேன் சாயும், அவ்வளவுதான். சைக்கிளில் கோணலானால் விழுவது நீங்கள். அறுக்க, அராவ, டேக் போட (முழுசாக ஒட்டுவதற்கு முன்னால் அங்கங்கே புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்துப் பிடிப்பது), நூல் பிடித்துப் பார்க்க எல்லாம் ட்ரெய்லரிலேயே பழகிக்கொள்ளலாம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சாதா சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளும். பாதியில் ஆர்வம் போனாலும் கையில் ஒரு உபயோகமான பொருள் மிஞ்சும்.

பொருள் சேர்ப்பது

மூணு பழைய சைக்கிள் வேண்டும். ஒன்று, 26 இஞ்ச் சக்கரம் போட்ட கியர் சைக்கிள், கட்டாயம் இரும்பு ஃபிரேம். அலுமினியம் வேண்டாம், சாதாரண பட்டறையில் அதை ஒட்ட முடியாது. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. ரெண்டாவது, 20 இஞ்ச் சக்கரம் உள்ள பையன்கள் சைக்கிள், இதிலிருந்து முன் போர்க்கும் அதைத் தாங்குகிற ஹெட் குழாயும் எடுக்கப்போகிறோம். மூணாவது எதுவாகவும் இருக்கலாம், பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிளின் உடைந்த ஃபிரேம் போதும், பெடல் ஆக்சில் ஓடுகிற அந்தக் குட்டைக் குழாய்க்காக. ட்ரெய்லருக்குத் தனியாக ரெண்டு 20 இஞ்ச் முன்சக்கரம்.

காயலான் கடைக்குப் போவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புப் படிக்கட்டுகள் எல்லாம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் காலேஜ் போனபின் படிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிற சைக்கிள்கள் எத்தனையோ, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பார்கள். காயலான் கடையில் வாங்கினால் யாருடையது என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு சைக்கிளை அறுத்து ஒட்டிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்ல முடியாது. கடலோரத்து சைக்கிள்களுக்கு இன்னொரு வியாதி உண்டு. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். பெடல் குழாயைச் சுற்றியும் அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ரெண்டு குழாயிலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். பொத்தென்று உள்ளே போனால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள்.

புது இரும்பு ரெண்டு வகை போதும். ட்ரெய்லருக்கு 25க்கு 25 மில்லிமீட்டர் சதுரப் பைப், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம். சைக்கிளின் முதுகெலும்புக்கு 50க்கு 50, அதே கனம், ஒன்றரை மீட்டர். பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்குப் போனால் பைப், போல்ட், எல்லாம் ஒரே நடையில் முடியும். வெயிட் குறையட்டும் என்று நான் முதலில் 38க்கு 38 பைப் போட்டேன். ஒரு மாசம் ஓடியது. ஒருநாள் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது நடுவில் மெல்ல வணங்கிவிட்டது, உடையவில்லை, கும்பிடு போட்ட மாதிரி வளைந்து நின்றது. 50 பைப் மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ, 38 பைப் சுமார் 1.8 கிலோ. மொத்தத்தில் ஒரு கிலோ கூட மிச்சமில்லை, அதற்காக ஒரு ஃபிரேமே போனது.

ஜி.ஐ. பைப் மட்டும் வாங்காதீர்கள். துரு பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான். ஆனால் வெல்டிங் சூட்டில் அதன் மேல் பூசிய துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம் வந்து ஆட்டும். கறுப்புப் பைப் வாங்கி ரெட் ஆக்ஸைடு அடித்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்லர்

அளவை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் வீட்டுச் சந்தை அளந்து வாருங்கள். எங்கள் சந்தில் ஒரு பக்கம் பைக் நிறுத்தினால் மிச்சம் 90 செ.மீ. கேட் அதைவிடக் குறுகல். அதனால் என் ட்ரெய்லர் மொத்த அகலம் 80. சரக்கு வைக்கிற தட்டு 90 செ.மீ. நீளம், 55 அகலம். ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ.

நிறையப் பேர் செய்கிற தப்பு, சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்து மாட்டுவது. சைக்கிள் ஆக்சில் ரெண்டு முனையிலும் தாங்குவதற்காகச் செய்தது, ஒற்றைக் கையில் தொங்கவிட்டால் கொஞ்ச நாளில் வளையும். அதனால் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு பைப், வெளிப்பக்கம் ஒரு பைப், நடுவில் சக்கரம். ஆக்சில் உட்காரும் நாலு தகடுகளை 5 மி.மீ. பட்டையில் வெட்டி, காடி அறுத்து, பைப்புக்கு அடியில் ஒட்டுங்கள். நாலும் ஒரே நேர்கோட்டில் வருவதற்கு ஒரு சின்ன தந்திரம்: நேரான ஒரு கம்பியை நாலு காடியிலும் குறுக்கே செருகி, கம்பி இருக்கும்போதே டேக் போடுங்கள். அப்புறம் சக்கரத்தை மாட்டி, ரெண்டு ரிம்முக்கும் நடுவே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் டயர் தேயும், மிதிப்பதும் பாரமாக இருக்கும். தட்டு சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தாலே போதும், ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சக்கரம் தட்டுக்கு நட்ட நடுவில் வேண்டாம், ஒரு கை விரல் நீளம் பின்னால் தள்ளி வையுங்கள். அப்போதுதான் பாரத்தில் நூற்றுக்கு அஞ்சோ பத்தோ பங்கு சைக்கிள் மேல் இறங்கும். 60 கிலோ ஏற்றினால், ட்ரெய்லரை சைக்கிளோடு இணைக்கிற இழுகம்பியின் முனையைத் தூக்கிப் பார்க்க நாலைந்து கிலோ கனக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், அல்லது பின்னால் பாரம் ஏறிவிட்டால், ட்ரெய்லர் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கும். எங்கள் வீட்டுச் சுமை பெரும்பாலும் 20 லிட்டர் தண்ணி கேன். ரெண்டு கேனை முன்னால் தள்ளி நிறுத்தி, மூணாவதை சக்கரத்துக்கு நேர் மேலே வைப்பேன். அரைக் கேனை ஏற்றாதீர்கள், தண்ணி உள்ளே அலம்பி வண்டியைத் தள்ளாட வைக்கும்.

இணைப்புதான் முக்கியமான இடம். ட்ரெய்லர் இடம் வலம் திரும்ப வேண்டும், ஸ்பீட் பிரேக்கரில் மேலே கீழே போக வேண்டும், சைக்கிள் சாய்ந்தாலும் கூடவே சாயாமல் நிற்க வேண்டும். மூணு அசைவும் ஒரே மூட்டில் கிடைக்க மலிவான வழி, உள்ளே நூல் பின்னிய கெட்டி ரப்பர் ஹோஸ். 12 செ.மீ. துண்டு போதும். ஒரு முனையில் இழுகம்பியைச் செருகிக் குறுக்கே போல்ட், மறுமுனையில் சைக்கிளின் பின் ஆக்சில் நட்டுக்கு அடியில் மாட்டிய தகட்டிலிருந்து வரும் குட்டைக் குழாய், அதிலும் ஒரு போல்ட். இழுகம்பி பின்சக்கரத்துக்கு இடப்பக்கமாக வரவேண்டும், வலப்பக்கம் செயின். கம்பி ஒருபக்கமாக வந்தாலும் தட்டு சைக்கிளுக்கு நேர் பின்னால் நிற்கும்படி வளைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நண்டு நடை நடக்கும்.

அப்புறம் ஒரு பாதுகாப்புக் கயிறு. பழைய செயினை ட்யூபுக்குள் நுழைத்து, இழுகம்பியிலிருந்து சைக்கிள் ஃபிரேமுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். ஹோஸ் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று நான் இதை விட்டுவிட்டேன். பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஏறும்போது போல்ட் கழன்று, திடீரென்று வண்டி லேசாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டுத் திரும்பிப் பார்த்தால், மூணு கேனோடு ட்ரெய்லர் தானாகப் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் காலை வைத்து நிறுத்தினார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ட்ரெய்லரில் பிரேக் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். இறக்கத்தில் 60 கிலோ பின்னாலிருந்து தள்ளும். பாலம் இறங்கும்போது உச்சியிலிருந்தே பிரேக்கைத் தொட்டுக்கொண்டு வரவேண்டும், கீழே வந்து பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சைக்கிள்: முதலில் உங்கள் காலை அளப்பது

ரிகம்பென்டில் நூறு வகை இருக்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் நீளச் சட்டம் வகையையே எடுங்கள், அதாவது முன்சக்கரம் பெடலுக்கும் முன்னால் இருப்பது. நிதானமாகத் திரும்பும், சீக்கிரம் பழகும், செயின் நேராக ஓடும். தாழ்ந்து மல்லாந்து படுக்கிற வகைகள் படத்தில் அழகாக இருக்கும், கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டுக்கு ஆகாது.

சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளவெடுங்கள். எனக்கு 104 செ.மீ. அதில் பெடல் கையின் நீளம் 17 செ.மீ.யைக் கழியுங்கள், முழங்கால் லேசாக மடங்குவதற்கு இன்னும் 2 கழியுங்கள். 85 வருகிறது. சீட்டின் முதுகு அடிப்பாகத்திலிருந்து பெடல் ஆக்சில் வரை இதுதான் தூரம். மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்கும். சுண்ணாம்புக் கட்டியால் மொட்டைமாடித் தரையில் முழு அளவில் படம் போடுங்கள். பேப்பரில் சின்னதாகப் போட்டால் குதிகால் முன்சக்கரத்தில் இடிப்பது தெரியவே தெரியாது, எனக்குத் தெரியவில்லை.

என் வண்டியின் கணக்கு இது: பின் ஆக்சிலிலிருந்து 40 செ.மீ. முன்னால் சீட் முதுகின் அடி, 125ல் பெடல் ஆக்சில், 170ல் முன் ஆக்சில். சீட் தரையிலிருந்து 53 செ.மீ., சிக்னலில் ரெண்டு காலும் முழுசாகத் தரையில் பதியும். உங்கள் கால் அளவு வேறாக இருந்தால் 125ஐயும் 170ஐயும் சேர்த்தே நகர்த்துங்கள்.

அறுப்பதும் ஒட்டுவதும்

கியர் சைக்கிள் ஃபிரேமில் பின்சக்கரத்தைப் பிடிக்கிற பின் முக்கோணம் முழுசாக வேண்டும், சீட் குழாயும் வேண்டும். முன்னால் போகிற ரெண்டு குழாயையும் சீட் குழாயை ஒட்டி அறுத்துவிடுங்கள். பையன்கள் சைக்கிளில் ஹெட் குழாயை ரெண்டு விரல் குழாய் மிச்சம் வைத்து அறுங்கள். மூணாவது ஃபிரேமில் பெடல் குழாயை அறுப்பதற்கு முன்னால், தயவுசெய்து, செயின் பக்கம் எது என்று பெயின்டால் அடையாளம் போடுங்கள். அந்தப் பக்கத்து மரை தலைகீழ் மரை, இடதுபுறம் சுற்றினால்தான் இறுகும். மாற்றி ஒட்டிவிட்டால் மிதிக்க மிதிக்க, ஆக்சிலைத் தாங்குகிற கப் கழன்று வரும். எவ்வளவு இறுக்கினாலும் வரும்.

ஐம்பது பைப் ஒரே நேர் பைப்தான், வளைக்கவே வேண்டாம். பின்னால் பழைய பெடல் குழாய்க்கு மேலே சீட் குழாயில் போய் முட்டும், முன்னால் மெல்ல உயர்ந்து ஹெட் குழாயில் முடியும். சீட் குழாயின் மேல் முனையிலிருந்து ஒரு சாய்வுத் தாங்கி இறங்கி அந்தப் பைப்பில் சேரவேண்டும், இது இல்லாமல் ஒற்றை முட்டில் விடாதீர்கள். புதுப் பெடல் குழாய் 125ல், பைப்பின் மேல் உட்காரும். வட்டக் குழாய் போய் முட்டும் இடத்தை வாய் மாதிரி அராவி, இடுக்கில்லாமல் பொருத்துங்கள். இடுக்கை வெல்டிங் ராடால் நிரப்பிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள், மெல்லிய பைப்பில் அது ஓட்டையில்தான் முடியும்.

ஹெட் குழாயின் சாய்வு தரையிலிருந்து சுமார் 65 டிகிரி. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நேர் குச்சியை அந்தக் குழாயின் கோட்டிலேயே தரைவரை பிடியுங்கள். முன் ஆக்சிலிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். குச்சி தொடும் இடம் குண்டு தொடும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், 20 இஞ்ச் சக்கரத்துக்கு ஆறேழு செ.மீ. இருந்தால் நன்றாக இருக்கும். குச்சி பின்னால் விழுந்தால் வண்டி நேராகவே போகாது.

வெல்டிங் உங்களுக்குப் புதுசு என்றால், சைக்கிளுக்கு நீங்களே டேக் மட்டும் போட்டு, முழு வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1.6 மி.மீ. பைப்புக்கு 2 மி.மீ. ராடு, 50லிருந்து 60 ஆம்பியர். பெரிய ராடு போட்டு அவசரப்பட்டால் பைப் உருகி விழும். ஒவ்வொரு முட்டிலும் நாலு பக்கம் டேக், உடனே நூல் பிடித்துப் பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்சக்கரத்தின் நடுவுக்கு நூல், பெடல் குழாய் அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம், ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி நிமிர்ந்திருக்கிறதா என்று ரசமட்டம். கொத்தனார் வேலைதான் பாதி. கோணல் இருந்தால் டேக்கை உடைத்து மறுபடி. முழு வெல்டிங் போட்டபின் தட்டி நிமிர்த்தலாம் என்று நினைத்தால் நடக்காது. வெல்டிங்கை ஒரே பக்கமாகப் போடாமல் எதிரெதிர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள், சூடு ஒரு பக்கம் இழுத்துவிடும். பெடல் குழாயிலும் ஹெட் குழாயிலும் பழைய கப்புகளை மாட்டிவைத்து வெல்டிங் போட்டால் வட்டம் கெடாது, போட்டபின் அந்தக் கப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள்.

பக்கத்தில் நின்று பார்ப்பதானாலும் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எழுப்பிவிடும்.

கைப்பிடி, செயின், பிரேக்

சாய்ந்து உட்கார்ந்தவன் கைக்கு ஹேண்டில்பார் எட்டாது. ஸ்டெம்மிலிருந்து, அதாவது போர்க்கின் மேல் முனையில் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற தண்டிலிருந்து, பின்னோக்கி 45, 50 செ.மீ. குழாய் விட்டு, அதன் முனையில் ஹேண்டில்பாரை மாட்ட வேண்டும். இரும்பு ஸ்டெம் மட்டும், சுற்றி முழு வெல்டிங், முட்டில் மூலைத்தகடு. இது உடைந்தால் கையில் ஹேண்டில்பார் மட்டும் இருக்கும், வண்டி தன் வழியில் போகும். திருப்பும்போது கைகள் பக்கவாட்டில் நகரும், ஃபைபர் படகில் சுக்கான் பிடிப்பதைப் போல. முதல் நாள் விசித்திரமாக இருக்கும், அப்புறம் மறந்துபோகும்.

செயின் நீளத்துக்கு ஒரு கணக்கு. பெடல் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ரெண்டால் பெருக்கி 1.27ஆல் வகுங்கள். 125 செ.மீ.க்கு 197 வரும். முன் பல்சக்கரம் 44, பின்னால் பெரியது 28, கூட்டிப் பாதியாக்கினால் 36. மொத்தம் 233, கியர் மாற்றுகிற கை இழுத்துக்கொள்ள ஒரு பத்து. சுமார் 243 கண்ணி. கியர் செயின் ஒன்றில் வழக்கமாக 116 கண்ணி, ஆக ரெண்டு செயின் முழுசும் மூணாவதில் ஒரு துண்டும். மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள், செயின் அறும் நாளில் உதவும். மேல் செயின் எதையும் தொடாமல் நேராகப் பின்னால் ஓட வேண்டும், அதில்தான் உங்கள் மிதி முழுசும் போகிறது. கீழ்ச் செயின் தொய்ந்து ஆடும். முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் எடுத்து ஃபிரேமில் கட்டி, அதற்குள் ஓட விடுங்கள். வேட்டி, பேன்ட், கால் எல்லாம் எண்ணெயிலிருந்து தப்பும்.

கியர் தேவையா என்று கேட்பவர்களுக்கு: வெறும் சைக்கிளுக்குத் தேவையில்லை, ட்ரெய்லரோடு பாலம் ஏற வேண்டும் என்றால் தேவை. 44க்கு 28ல் ஒரு மிதிக்கு 3.2 மீட்டர் போகும், 44க்கு 14ல் அதைப்போல ரெண்டு மடங்கு. மூணு கேனோடு மிண்ட் பாலம் ஏறும்போது 3.2 மீட்டரே எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

பின் பிரேக்குக்குச் சாதா வயர் எட்டாது. ரெண்டு வயரை முடிச்சுப் போட்டு ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். ஆட்டோ, பைக் கேபிள் செய்து தருகிற கடையில் நீளம் சொல்லிச் செய்து வாங்குங்கள். முன் பிரேக்கும் அவசியம் போடுங்கள், ஆனால் அதை நம்பி ஓட்டாதீர்கள். இந்த வகையில் உங்கள் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் இறங்கும், முன்சக்கரம் லேசு. ரோட்டோரம் சேர்ந்திருக்கும் மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் வழுக்கிவிடும்.

சீட்டைப் பற்றித்தான் எனக்கு ரொம்ப பிடிவாதம். ஃபோம் வைத்து ரெக்சின் தைக்காதீர்கள், சென்னையில் அரைமணி நேரத்தில் முதுகில் குளம் கட்டும். முதலில் பிளாஸ்டிக் சேரின் காலை அறுத்து மாட்டிப் பார்த்தேன், மூணு வாரத்தில் விரிசல். கடைசியில் மெல்லிய குழாயில் ஒரு சட்டம் செய்து, கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் நாடாவை வாங்கிப் பின்னினேன். காற்று உள்ளே போய் வெளியே வருகிறது, மழையில் நனைந்தால் ஒன்றுமில்லை, தொய்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். முதுகுச் சாய்வு தரையிலிருந்து 55 டிகிரி. அதற்கு மேல் சாய்ந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. எப்படியும் ரெண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். சீட் முதுகின் மேல் முனையிலிருந்து பின் ஆக்சில் வரை ரெண்டு தாங்கி போட்டுவிடுங்கள், நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அந்த முதுகைத்தான் தள்ளுகிறது.

ஓட்டிப் பழகுவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு பக்கம் போங்கள். வாரநாளில் நடக்கக்கூட இடமில்லாத அந்தத் தெருக்களில் அப்போது நாய்கள்தான் இருக்கும். லேசான கியரில் போட்டு, ஒரு காலைப் பெடலில் வைத்து, முதுகை நன்றாகச் சாய்த்துவிட்டு, அழுத்தித் தள்ளுங்கள். தயங்கி மெதுவாகக் கிளம்பினால்தான் விழுவீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு, சாதா சைக்கிள் ஞாபகத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடிப்பது. ரெண்டு விரலால் பிடியுங்கள், கண்ணைத் தூரத்தில் வையுங்கள். முன்சக்கரத்தைப் பார்த்தால் வளைந்து வளைந்து போவீர்கள். ட்ரெய்லரைக் குறைந்தது ரெண்டு வாரம் கழித்து மாட்டுங்கள். தொடையில் இதுவரை வேலை செய்யாத தசைகள் வலிக்கும், அது போய்விடும். ரப்பர் செருப்போடு மட்டும் ஓட்டாதீர்கள். கால் வழுக்கித் தரையில் பட்டால் வண்டி உங்கள் காலையே மடக்கி ஏறும். பின்வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியில் டிரைவர் உட்கார்ந்திருப்பது உங்கள் தலைக்கு வெகு உயரத்தில். லாரியின் மூக்குக்குக் கீழேயும் இடப்பக்கமும் நீங்கள் நின்றால் அவருக்கு நீங்கள் இல்லை. காசிமேட்டில் வலைக்கு அடையாளமாக மூங்கில் கழியில் கொடி கட்டி மிதக்க விடுவார்களே, அதே யோசனைதான். ரெண்டு மீட்டர் கழி, நுனியில் ஆரஞ்சுத் துணி, ட்ரெய்லரின் வலது மூலையில். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ரெண்டு, ராத்திரிக்கு மினுக்கு விளக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றால் அவற்றுக்கு இடப்பக்கம் நுழைந்து முன்னேறாதீர்கள், எவ்வளவு அவசரம் என்றாலும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணி நின்றால் இறங்கித் தள்ளுவதும் வேண்டாம், சுற்றிப் போங்கள். தெருத் தண்ணியில் ட்ரெய்லர் சக்கரத்தின் ஹப் முங்கினால் அன்றைக்கு ராத்திரியே பிரித்து, பால்ஸைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் உப்பும் சேறும் சேர்ந்து பால்ஸ் உருளுகிற கோனைத் தின்றுவிடும். முதல் நூறு கி.மீ. வரைக்கும் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்ததும் ஒரு துணியால் எல்லா வெல்டிங் முட்டையும் துடைத்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பெயின்ட் கோடு இல்லை, அன்றைக்கே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.